படம் சரியக்கூடாது என்று கழுத்தைத் திருப்பாமல் ஓடினேன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதையும் வாசித்து அதன்படியே செய்வது என் பழக்கம். மோட்டார் சைக்கிள் ஓடும்போது ஹெல்மெட்டில் பூட்டிய சிறு கமராவால் எங்கள் ஊர்த் தெருக்களைப் படம்பிடித்து யூடியூப்பில் போடுகிறேன். வளைவுகளில் படம் ஒரு பக்கம் சரிகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். "அண்ணை, உங்கடை வீடியோ பாத்தா தலை சுத்திச் சத்தி வருது" என்று ஒருவன் எழுதினான். தலையை அசைக்காமல் ஓடினால் படம் மட்டமாக வரும் என்று இணையத்தில் வாசித்தேன்.

மறுநாள் தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாயிலிருந்து அளவெட்டிக்குப் புறப்பட்டேன். கழுத்தை விறைப்பாக வைத்திருந்தேன். ஒரு சந்தியில்கூடப் பக்கவாட்டில் பார்க்கவில்லை.

"அண்ணை, லாண்ட்மாஸ்டர்!"

தங்கை கத்தியதும் பிறேக்கை அமத்தினேன். பக்கத்துக் குறுகிய ஒழுங்கையிலிருந்து புகையிலை ஏற்றிவந்த அந்தச் சிறு உழவு இயந்திரம், எங்கள் முன்சில்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"என்ன தம்பி, கழுத்திலை சுளுக்கோ?" என்றார் சாரதி.

"சுளுக்கில்லை அண்ணை, கமரா" என்றாள் தங்கை, என் ஹெல்மெட்டைக் காட்டி.

வீட்டுக்கு வந்து தேடியபோது, படத்தைத் தானாகவே மட்டமாக்கும் வசதி அந்தக் கமராவுக்குள்ளேயே இருந்தது. இப்போது அதை இயக்கிவிட்டுத்தான் புறப்படுகிறேன். ஒவ்வொரு சந்தியிலும் தலையை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்புகிறேன். படமும் கூடவே திரும்புகிறது.

"ஏன் அண்ணை அங்கையும் இங்கையும் பாக்கிறியள்?" என்று வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்பவர்களுக்கு, "வாகனம் வருதோ எண்டு பாக்கிறன்" என்று சந்தோசமாகப் பதில் போடுகிறேன்.