கப்பல் பஸ்ஸும் ஸ்ரனிஸ்லாஸின் காரும்

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து கட்டினால், அதிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரரில் இரண்டு சாதி உண்டு. கப்பல்காரரே ஒழுங்கு செய்த பஸ்ஸில் போய் ஏறுகிறவர்கள் ஒரு சாதி. அந்த பஸ்ஸுக்கு இவ்வளவு காசா என்று முகத்தைச் சுளித்து, வெளிவாசலில் நிற்கும் கார்க்காரரிடம் பேரம் பேச வருகிறவர்கள் மற்றச் சாதி. இந்த இரண்டாம் சாதியை நம்பித்தான் கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸ் வீட்டில் உலை கொதித்தது.

பஸ்ஸுக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. அது பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். வெளிக் கார் பிந்தினால் நிற்காது. ஆட்களைக் கரையில் விட்டுவிட்டு அது தன்பாட்டில் போய்விடும். பஸ்ஸின் வழிகாட்டி, அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுகிற மனுசன், கப்பல் படியடியிலேயே நின்று இதைச் சொல்லிச் சொல்லிச் சனத்தை வெருட்டுவார். ஸ்ரனிஸ்லாஸுக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது.

அந்த வெருட்டலுக்கு ஸ்ரனிஸ்லாஸ் ஒரு மாற்று மருந்து வைத்திருந்தார். யாராவது காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்று யோசித்தால், தன் அடையாள அட்டையை எடுத்து அவர்கள் கையில் வைத்துவிடுவார். உங்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்வரைக்கும் இது உங்களிடம் இருக்கட்டும், கப்பல் போய்விட்டால் இதைப் பொலிசில் கொடுத்து என்னை உள்ளே போடுங்கள் என்று தன் துறைமுக இங்கிலீசில் சொல்லுவார். பாதிப் பேர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்கள். மற்ற டிரைவர்மார் விசரன் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களுடைய கார்கள் வாசலில் சும்மா நிற்க, இவருடைய மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாளும் அவர் பிந்தி வந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. சோளகக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதத்தில் கப்பல் வருவதே அருமை. அன்றைக்கு ஒன்று வந்திருந்தது. வயதான ஒரு வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவி நோனாவும் வாசலுக்கு வந்தார்கள். நோனாவுக்கு பஸ்ஸில் போகத்தான் விருப்பம். துரைக்குக் கும்பலோடு போவது பிடிக்காது. அட்டை கைமாறியது. துரை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினார்.

அப்போதுதான் ராசிக் வந்து ஸ்ரனிஸ்லாஸின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தான். ராசிக்கும் அதே வாசலில் கார் ஓடுகிறவன். யாழ்ப்பாணத்தில் செத்த சிப்பாய்களைப் புதைக்க என்று கூடிய சிங்களச் சனம், முதல்நாள் இரவு பொரளையில் தமிழ்க் கடைகளுக்கு நெருப்பு வைத்த செய்தி வாசல் முழுக்கப் பரவியிருந்தது.

"மச்சான், இண்டைக்கு இந்த ஓட்டம் வாணாம். ஊட்டுக்குப் போ."

ஸ்ரனிஸ்லாஸ் கேட்கவில்லை. பொரளை எங்கே, நாங்கள் போகிற தெஹிவளை எங்கே என்றார். சிங்களம் தனக்குத் தண்ணீர்பட்ட பாடு, தமிழன் என்று ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான் என்றார். உண்மை அதுவல்ல. கொடுத்த அட்டையைத் திருப்பிக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் அந்தக் கழுத்துப்பட்டிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படிக் கேட்பது? ரோசம் என்ற சனியன் மனுசனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் அவர்கள் பாதிகூடப் பார்த்து முடியவில்லை. மரங்களுக்கு மேலால் கறுப்புப் புகை எழும்பியது. காவல்காரர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வாசலைச் சாத்தினார்கள். கப்பல் பஸ்ஸும் அங்கேதான் நின்றது; வழிகாட்டி தன் ஆட்களை எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். நாங்களும் அதிலேயே போய்விடுவோம் என்று நோனா கெஞ்சினார். துரை மறுத்துவிட்டார். இந்த மனிதர் எங்களை நம்பி அட்டையைத் தந்திருக்கிறார், நடுவில் விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை என்றார்.

 ஸ்ரனிஸ்லாஸ் போங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பயம். வெள்ளைக்காரர் இருக்கிற காரில் ஒருத்தனும் கைவைக்க மாட்டான், அவர்கள் இல்லாமல் கொழும்பு-காலி வீதியில் தனியே போனால் தன் கதை சரி என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். தமிழன் என்று காட்டிக்கொடுக்கும் லைசென்ஸை எடுத்து சீற்றுக்கு அடியில் செருகினார். அடையாள அட்டையைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. துரையின் சட்டைப்பையை எவன் சோதிக்கப் போகிறான்?

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வெள்ளவத்தைக்குள் நுழைந்ததும் வீதி முழுக்கப் புகை. சீலைக்கடை ஒன்று கூரையோடு எரிந்தது. குப்புறக் கவிழ்ந்த வான் ஒன்றிலிருந்து ஒரு கை வெளியே நீட்டியிருந்தது. அதில் மணிக்கூடும் கட்டியிருந்தது. நோனா முகத்தை மூடிக்கொண்டார். இருபது முப்பது பேர் காரை மறித்தார்கள். கையில் பொல்லுகள், கம்பிகள், பெற்றோல் கலன்கள். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவன் ஜன்னலுக்குள் தலையைக் குனிந்து, ஐடென்ரிற்றியைக் காட்டு என்று சிங்களத்தில் கேட்டான்.

ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. நீர்கொழும்பு ஆள், ஸ்ரனிஸ்லாஸ் பெர்னாண்டோ, அட்டை வீட்டில் கிடக்கிறது, இந்தக் கிழடுகளைக் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் வேலை போய்விடும் என்று பச்சைச் சிங்களத்தில் அலுத்துக்கொண்டார். கண்ணாடியில் தொங்கிய செபமாலையை அவன் பார்த்தான். அப்படிப் பெயர் சிங்களக் கத்தோலிக்கருக்கும் உண்டுதானே. காரின் கூரையில் தட்டிப் போகச் சொன்னான்.

பின் சீற்றில் இருந்த துரைக்கு அவ்வளவு பேச்சிலும் விளங்கிய ஒரே சொல் ஐடென்ரிற்றி. பாவம், டிரைவர் அட்டையைத் தன்னிடம் தந்ததை மறந்துவிட்டுத் தடுமாறுகிறார் என்று நினைத்தார். பொத்தானைக் கழற்றினார். அட்டையை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, புன்சிரிப்போடு கொடுத்தார்.

சிங்களவருடைய அட்டையில் சிங்களம் மட்டும்தான் இருக்கும். அதில் தமிழிலும் எழுதியிருந்தது. சவுந்தரநாயகம் என்ற தகப்பன் பெயரும் இருந்தது.

வாசித்தவன் அதைத் துரையிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். பிறகு கதவைத் திறந்து ஸ்ரனிஸ்லாஸைத் தலைமயிரில் பிடித்து இழுத்தான். முதல் அடி வாயில் விழுந்தது. பல்லோடு ரத்தத்தைத் துப்புவதற்குள் கம்பி முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. விழுந்தவரை மிதித்தார்கள். பொய் சொன்னதற்கு என்று சொல்லிச் சொல்லி மிதித்தார்கள். துரையையும் நோனாவையும் கைபிடித்து இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, காருக்கு நெருப்பு வைத்தார்கள். இன்னொருவன் மிச்சப் பெற்றோலை ஸ்ரனிஸ்லாஸின் கால்மாட்டில் ஊற்றினான். காற்சட்டை பற்றியதும் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டு நோனா ஓடிவந்து, தன் சால்வையால் அடித்து அடித்து நெருப்பை அணைத்தார். வெள்ளைக்காரியை இழுத்து எறிய அவர்களுக்குத் துணிவு வரவில்லை. எதிரே நகைக்கடைப் பூட்டு உடைந்த சத்தம் கேட்டது. கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது.

பின்னால் கப்பல் பஸ் வந்து நின்றது. கழுத்துப்பட்டிக்காரர் இறங்கி, துரையையும் நோனாவையும் ஏறச் சொன்னார். நோனா ஸ்ரனிஸ்லாஸின் சட்டையைப் பிடித்தபடி தார் வீதியில் உட்கார்ந்துவிட்டார். இவரை ஏற்றினால்தான் நானும் ஏறுவேன் என்றார். வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். வெள்ளைக்காரியை வீதியில் விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு வேலை இருக்காது. வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே ஸ்ரனிஸ்லாஸைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி, சீற்றுகளுக்கு நடுவில் போட்டு, மேலால் துவாய்களைப் போட்டு மூடினார். கப்பல் பஸ் என்றதால் வழியில் ஒருத்தரும் ஏறிச் சோதிக்கவில்லை.

அந்த பஸ்ஸில் ஸ்ரனிஸ்லாஸ் ஏறியது அது ஒருமுறைதான். சப்பாத்துகளுக்கு நடுவில் கிடந்தபடி அவர் கேட்டதெல்லாம் துரையின் குரல். அட்டை எல்லாம் ஒழுங்காகத்தானே இருந்தது, பிறகு ஏன் அடித்தார்கள் என்று அந்த மனுசன் பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்ப முடிந்திருந்தால் ஸ்ரனிஸ்லாஸ் அவருடைய கழுத்தை நெரித்திருப்பார். அவ்வளவு ஆத்திரம்.

பஸ் பிந்தித்தான் போனது. கப்பல் காத்து நின்றது.

இறங்குதுறையில் துரை பொத்தானைக் கழற்றி அட்டையை நீட்டினார். அவருக்கு இப்போது ஏதோ விளங்கியிருக்க வேண்டும்; கண்ணீர் வழிந்தது. அதைக் கண்டதும் ஸ்ரனிஸ்லாஸின் ஆத்திரம் எங்கே போனதோ தெரியவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது. துறைமுகத்துக்கு வெளியே ஊரடங்கு, அதற்குள்ளும் கூட்டங்கள். அந்த அட்டையோடு பிடிபட்டால் மிச்ச உயிரும் போய்விடும். நீங்கள் கப்பலுக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள், நான் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, நான் போய்ச் சேரும்வரைக்கும் அது உங்களிடமே இருக்கட்டும் என்று உடைந்த வாயால் சொன்னார். துரை அதைத் திரும்பவும் பைக்குள் வைத்தார். கப்பல் போய்விட்டது.

ராசிக் வாசலிலேயே காத்திருந்தான். தன் தொழுகைத் தொப்பியைக் கழற்றி ஸ்ரனிஸ்லாஸின் தலையில் வைத்து, மறித்தவர்களிடம் வாப்பாவுக்கு விபத்து என்று சொல்லிச் சொல்லிக் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலடியில் கொண்டுபோய் இறக்கினான். கோயில் நிறையச் சனம். மனைவி யோசெப்பின் பிள்ளைகளோடு பீடத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். புருசனைக் கண்டதும் அழவில்லை. சேலைத் தலைப்பை நனைத்து அவருடைய வாயைத் துடைத்தாள். அகதிகளைப் பதிகிறவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

"ஐ.சி. அட்டை எங்கையப்பா? பதியக் கேக்கினம்."

"துரையிட்டை. வீட்டுக்குப் போய்ச் சேருமட்டும் வச்சிருக்கச் சொல்லிப்போட்டு வந்தனான்."

யோசெப்பின் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களுடைய வீடு காலையிலேயே எரிந்து முடிந்துவிட்டதை அவள் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

"அப்ப அது அவரிட்டையே கிடக்கட்டும்," என்றாள்.