ஒஸ்லோ மியூசியத்தில் ஐந்து கூடுகள்

போன மாதம் ஒஸ்லோவில் இருந்தேன். அங்குள்ள தமிழர்கள் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை பேசி முடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்னை என்ன செய்வது? வெளியே விடாத மழை வேறு...

"இசைக்கருவி மியூசியம் ஒண்டு இருக்குது. போவமே அண்ணை?" என்றார் சிவநேசன்.

நான் தங்கியிருந்தது அவர் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். மனைவி மங்களேஸ்வரிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மூவரும் கிளம்பினோம்.

மியூசியம் என்றாலே எனக்குப் பத்தாவது நிமிடத்தில் கால் வலிக்கும். இங்கே இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன், வலி ஞாபகமே வரவில்லை. சின்னக் கட்டடம்தான். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு ஹெட்போன் — மாட்டிக்கொண்டால் அந்தக் கருவியே பேசுகிறது. அந்த ஊர் பிடிலுக்கு மேலே நாலு தந்தி, கீழே இன்னும் சில தந்திகள். வில் மேல் தந்தியை மட்டும்தான் தொடும். கீழே இருப்பவை தாமாகவே சேர்ந்து முனகும். சத்தம் காதுக்குள் போய் ஈரமாக உட்கார்ந்துகொள்கிறது. மரப்பட்டையைக் கழற்றிச் செய்த ஒரு புல்லாங்குழலும் இருந்தது. விரல் வைக்கத் துளையே கிடையாது! வசந்த காலத்தில்தான் பட்டை நழுவி வருமாம். காய்ந்துபோனால் அடுத்த வருஷம் புதிதாகச் செய்துகொள்வார்களாம்.

கடைசி அறையில் ஆசியக் கருவிகள். ஒரு தம்புரா, ஒரு சாரங்கி. மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணி மேல் ஐந்து சின்னப் பொருள்கள். பழுப்பு வெள்ளை நிறம். ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. கீழே அட்டையில் ஏதோ ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"ஆசியா. என்னத்துக்குப் பாவிக்கிறதெண்டு தெரியாது," என்று படித்துச் சொன்னார் சிவநேசன். பாவிக்கிறது என்றால் அவர்கள் பேச்சில் பயன்படுத்துவது.

நான் சென்னையில் முப்பது வருஷமாகக் கச்சேரி கேட்பவன். டிசம்பர் வந்தால் சபாவிலேயே குடியிருப்பவன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஆராய்ந்து, தீர்ப்புச் சொன்னேன்: "பொம்மலாட்ட பொம்மைக்குத் தொப்பி!"

மங்களேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தார்.

"அண்ணா, உது தவில் கூடு."

தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டிக்கொள்வாரே, அந்தக் கூடு. எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன்! விரலில் பார்த்தவனுக்கு வெல்வெட்டில் தெரியவில்லை.

"அப்பா தவில்காரர். அவருக்குக் கூடு கட்டிக் குடுக்கிறது நான்தான். பத்து வயசிலை இருந்து, கலியாணம் முடிச்சு இஞ்சை வாற வரைக்கும். இதை அவையளுக்குச் சொல்லவேணும்."

சிவநேசனுக்கு முகம் மாறிவிட்டது. "பேசாமல் வா மங்களம். இவையள் படிச்ச ஆக்கள். பிழையாப் போச்செண்டால் வெக்கம்."

"பதினெட்டு வருசமா இவையள் சொல்லித் தாறதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். இண்டைக்கு எனக்கு ஒண்டு தெரியும். சொல்லிப்போட்டுத்தான் வருவன்."

நேராக வரவேற்பு மேஜைக்குப் போனார். நார்வே மொழியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். மேஜையிலிருந்த பெண் போன் செய்தாள். நான் மனசுக்குள் தயாரானேன் — நம் ஊராக இருந்தால் அடுத்து என்ன நடக்கும்? "நீங்க யாரு மேடம்? எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்."

மாடியிலிருந்து இங்ரிட் என்ற பெண் இறங்கி வந்தார். ஆசியப் பகுதிக்குப் பொறுப்பு அவர்தானாம். கையில் சாவி, நோட்டு, பென்சில். சாவியைக் கொண்டுவந்திருந்ததே எனக்கு ஆச்சரியம். பெட்டியைத் திறந்தார். கையுறை மாட்டி, ஐந்தையும் ஒரு தட்டில் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது கூடுதான் என்று எப்படித் தெரியும்?" இங்ரிட் கேட்டதைச் சிவநேசன் எனக்காகத் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தார்.

நல்ல கேள்வி. மங்களேஸ்வரியும் அதற்குக் கோபப்படவில்லை. "உள்ளுக்குப் பாருங்கோ. சீலையைக் கீற்றாக் கிழிச்சு, கோதுமை மாப் பசையிலை தோய்ச்சு, விரலிலை சுத்திக் காய விடுறது. சுத்தின வரி தெரியும்."

இங்ரிட் ஒரு சின்ன டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அறையில் மூச்சுச் சத்தம் கேட்டது — சிவநேசனுடையது.

"வரி இருக்கிறது," என்றார் இங்ரிட். அடுத்த நிமிடம் இன்னொரு ஜோடி கையுறையை மங்களேஸ்வரியிடம் நீட்டினார்!

மங்களேஸ்வரி ஐந்தையும் வரிசைப்படுத்தினார். அகலமானது பெருவிரலுக்கு. சின்னது சுண்டுவிரலுக்கு. ஒருமுறைகூடத் தயங்கவில்லை. இங்ரிட் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கப்பல்காரர் வீட்டிலிருந்து வந்த பெட்டியில் இவை மட்டும் தனியாக இருந்தனவாம். இவற்றோடு தவில் வராததால் யாருக்கும் புரியவில்லையாம்.

எனக்கு அந்த அட்டையின் மேலேயே மரியாதை வந்துவிட்டது. 'தெரியாது' என்று எழுதி வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! நாமாக இருந்தால் 'சோழர் காலத்து ஆபரணம்' என்று எழுதி, பூட்டி, சாவியைத் தொலைத்திருப்போம். தெரியாது என்று ஒப்புக்கொண்ட இடத்துக்குத்தான் தெரிந்தவர் வந்து சேர முடிகிறது.

"தகவல் தந்தது யார் என்று பதிய வேண்டும். என்ன பெயர் போடலாம்?" என்று இங்ரிட் கேட்டார்.

இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்த சிவநேசன் முந்திக்கொண்டு மாமனார் பெயரைச் சொன்னார். "பெரிய தவில் வித்துவான்!"

"வேண்டாம்," என்று தமிழிலேயே சொன்னார் மங்களேஸ்வரி. "அப்பா வாசிச்சவர். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் எண்டு தவிலை என்னைத் தொடவே விட்டதில்லை. கூடு கட்டினது நான். என்ரை பேரைப் போடுங்கோ."

சிவநேசன் மனைவியைப் பார்த்தார். பிறகு, அதை ஒரு சொல் மாறாமல் நார்வே மொழியில் அவரே இங்ரிட்டிடம் சொன்னார்.

முதியோர் இல்லத்தில் மங்களேஸ்வரியை 'மங்கா' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். முழுப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லையாம். இங்ரிட் சுருக்கவில்லை. மங்களேஸ்வரி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்தையும் எழுதினார். நோட்டைத் திருப்பிக் காட்டி, "சரியா?" என்றார்.

மங்களேஸ்வரி குனிந்து பார்த்தார். பென்சிலை வாங்கி, ஒரு எழுத்தைத் திருத்தினார்.