பதிலி பலராமன்

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கின் மிதவை வால்வை மாற்றினேன். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிடிக்கத் தேவையில்லாத ஏணி. அலுமினியம். நான்கு காலுக்கும் ரப்பர் உண்டு. தரையும் சமதளம். அதைச் சொன்னேன்.

“ஆடாதுப்பா. நீங்க கீழ போங்க. வெயிலா இருக்கு.”

“ஆடாதுன்னு தெரியும்.”

“அப்புறம் ஏன் புடிச்சிருக்கீங்க?”

“நான் எங்க புடிச்சிருக்கேன்? சும்மா கை வெச்சிருக்கேன்.”

பழைய வால்வின் மிதவைப் பந்து ஓட்டையாகி உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது. கழற்றி அவரிடம் நீட்டினேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். “உள்ள யாரோ இருக்காங்க” என்றார்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. புதன்கிழமை மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு. அம்மா முன்பே இறந்துவிட்டாள், நான் வேலையில் இருந்தேன். அப்போது அவர்கூட யாரும் இல்லை.

நான் கருவியியல் படித்தவள். தொழிற்சாலைகளில் வருகைப் பதிவுக் கருவி பொருத்துகிறேன். முகத்தைக் காட்டினால் பெயர் விழும். அறையில் ஆள் இருந்தால் எரிந்து, இல்லாவிட்டால் அணையும் விளக்குகளும் பொருத்துகிறோம். அந்த விளக்கின் சென்சாருக்கு ஒரு குறை உண்டு. ஆள் அசைந்தால்தான் அதற்குத் தெரியும். ஒருமுறை அப்பா என் அலுவலகத்துக்கு வந்து எனக்காகக் காத்திருந்தார். நான் திரும்பி வந்தபோது அறை இருட்டாக இருந்தது. உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.

“உம் மிஷினு என்ன ஆளாவே மதிக்கல” என்றார். அதில் அவருக்கு வருத்தமில்லை. இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அப்பா வேலை செய்த நெசவு மில் மூடிய பிறகு அவர் வேறு வேலைக்குப் போகவில்லை. வீட்டிலும் இருந்ததில்லை. எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டால், “ஒரு எடத்துக்கு” என்பார். அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி ஆற்றைத் தாண்டி டவுனுக்குப் போவார். சாயங்காலம் வருவார். என்ன செய்தீர்கள் என்றால், “ஒண்ணும் பண்ணல” என்பார். அது உண்மை என்று அவர் இறந்த அன்றுதான் தெரிந்தது. எனக்குத் தெரியாதவர்கள் பாதித் தெருவை அடைத்து நின்றார்கள். ஒருவரும் அவர் எதையோ செய்து கொடுத்தார் என்று சொல்லவில்லை. ‘வந்தாரு’ என்றார்கள். ‘கூட இருந்தாரு’ என்றார்கள்.

அவர்களில் ஒருத்தி மட்டும் அழவில்லை. கோபமாக இருந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் கமலா. அவள் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும்.

“திங்கக்கெழம வரேன்னு சொன்னாரே” என்றாள் என்னிடம். “சொன்னா வர்ற மனுஷனாச்சே.”

அவள் கழுத்தில் ஒரு கட்டி. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. கட்டி எப்படிப்பட்டது என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட, மருந்து வாங்கிவர, கூப்பிட்டால் ஓடிவர ஒரு ஆள் வெளியே இருந்தாக வேண்டும். கமலாவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அப்பா இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

மார்க்கெட்டில் யாரையாவது கூப்பிடக் கூடாதா என்று தையல்நாயகி அத்தை கேட்டாள். அத்தை அப்பாவின் தங்கை.

“அதுங்களா? செத்தாலும் வாணாம்” என்றாள் கமலா. “அண்ணன் இல்லன்னா ஆப்ரேசனும் வாணாம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொள்ளி வைத்தவள் நான். அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றியிருந்தோம். அத்தை இரண்டு விதி சொன்னாள். கொள்ளி வைத்தவர் காரியம் முடியும்வரை வீடு தாண்டக் கூடாது. விளக்கு தனியாக இருக்கக் கூடாது. அத்தை பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். ஞாயிறு சாயங்காலம் ஊருக்குக் கிளம்பியாக வேண்டும்.

எனவே விளக்கின் அருகில் உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லாததால் வந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். அவர் வந்து என்ன செய்தார்?

அடுத்த தெரு கமலக்கண்ணன் ஒரு கதை சொன்னார். தெருவில் தண்ணீர் வராமல் மனு கொடுக்கப் போயிருக்கிறார்கள். அப்பாவும் போய்க் கடைசியில் நின்றிருக்கிறார். வெள்ளைச் சட்டை. பேச்சே இல்லை. போன தடவையும் அதே இடத்தில் நின்றவர்.

“அந்த ஆபீசரு எங்கிட்டக் குனிஞ்சு கேக்கறாரு, பின்னாடி நிக்கிறாரே, யாரு அவரு, விஜிலென்ஸானு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஏன் சொல்றேன்? பாத்து பேசுங்க சார்னு மட்டும் சொன்னேன்.”

தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். அந்த வாரம் வந்ததாம். அதற்கு அப்பா காரணமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு அளவீட்டை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

வீராம்பட்டினம் தேருக்கு நானும் ஒருமுறை அவருடன் போயிருக்கிறேன். வடம் பிடிக்கவில்லை. ஓரமாக நின்றார். தேர் நகர்ந்ததும் கை கூப்பினார். திரும்பும்போது, என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டல. வந்திருக்கேன்னு சொன்னேன்.”

“அம்மனுக்குத் தெரியாதா?”

“தெரியும். நாம சொல்லணும்ல.”

அப்போது அது பக்தியா, பழக்கமா என்று எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை அப்துல் கஃபார் மாமா வந்தபோது கொஞ்சம் புரிந்தது. அவர் அப்பாவுடன் மில்லில் தறி ஓட்டியவர். மரணம் நடந்த நாளிலிருந்து தினமும் வந்து வாசலில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

“உங்கப்பன் மொதல்ல பதிலிதான், தெரியுமா கவி?”

தெரியாது என்றேன்.

பதிலி என்றால் நிரந்தர வேலை இல்லாதவர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் சங்கு ஊதும் முன்னே மில் வாசலில் வந்து நிற்க வேண்டும். உள்ளே யாராவது வராவிட்டால் மேஸ்திரி வெளியே வந்து பார்ப்பார். கண்ணில் பட்டவனைக் கூப்பிட்டு, வராதவனின் தறியில் நிறுத்துவார். எல்லோரும் வந்துவிட்டால் பதிலி வீட்டுக்குப் போகலாம். கூலி கிடையாது. ஆனால் வராமல் இருந்தால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

“வேல இருக்கோ இல்லையோ, மூஞ்சியக் காட்டணும். ‘வந்திருக்கேன் மேஸ்திரி’ன்னு சொல்லணும்” என்றார் மாமா.

வீராம்பட்டினத்தில் அப்பா சொன்ன அதே சொல்.

“அவன் மொத மொதல்ல நின்னது எந்தத் தறி? என் தறி. எனக்கு டைஃபாய்டு. எழுந்திருக்க முடியல. ஷிப்டு முடிஞ்சதும் நேரா எங்க ஊட்டுக்கு வந்துட்டான். தலையெல்லாம் பஞ்சு. வாசல்ல நிக்கிறான். யாருடான்னேன். ‘உங்க எடத்துல இன்னிக்கு நான் நின்னேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்க வந்தேன்’னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க மாமா?”

“செருப்பு எடுத்தேன்.”

“ஏன்?”

“பின்ன? எத்தினி நாளு படுக்கையில கெடப்பான், பொழப்பப் புடுங்கலாமான்னு நோட்டம் பாக்க வந்திருக்கான்னு நெனச்சேன். எவன் நெனைக்க மாட்டான்? போடா வெளியன்னு கத்தினேன். என் ஊட்டுக்காரி பதுருன்னிசா பாவம்னு டீ குடுத்தா. அதக் குடிச்சிட்டுப் போனான். மறுநாளும் வந்து நிக்கிறான். தல நெறைய அதே பஞ்சு.”

“திரும்பவும் செருப்பா?”

“எடுக்கத் தெம்பு வேணுமே. படுத்துட்டே திட்டினேன். கேட்டுட்டு நின்னான். நான் எழுந்து வேலைக்குப் போற வரைக்கும் வந்தான். நான் போனன்னிக்கு அவனுக்கு வேல போச்சு. வாசல்ல நின்னு சிரிக்கிறான்.”

அதன்பிறகு அப்பா எவர் இடத்தில் நின்றாலும் வேலை முடிந்ததும் அந்த ஆளின் வீட்டுக்குப் போய்விடுவாராம். காய்ச்சல், சாவு, குடி, சண்டை, எதுவானாலும். நிரந்தரம் ஆனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் வரவில்லை என்று மேஸ்திரிக்கு முன்னே இவருக்குத் தெரியுமாம். வெள்ளிக்கிழமை மாமா தொழுகைக்குப் போனால் பள்ளிவாசல் வரை கூடவே போய் வெளியே நிற்பார். “உள்ள தோளோட தோளு ஒட்டி நிப்போம். நடுவுல எடம் விடக்கூடாது. அவன் வெளிய நிக்கறான்னா அதுவும் வரிசையில சேர்த்திதான்னு எனக்குத் தோணும். பள்ளிவாசல் ஹஜ்ரத்து கிட்ட இதெல்லாம் கேக்கல. கேட்டா திட்டுவாரு.”

ஏன் அப்படிப் போனார் என்று நீங்கள் அவரிடம் கேட்டதில்லையா என்றேன்.

“கேட்டேன். ‘ஒருத்தன் இல்லன்னுதானே எனக்குச் சோறு. அவன் எங்கன்னு பாக்க வாணாமா’ன்னான். ஒரே தடவதான் சொன்னான். அப்புறம் கேட்டா, பழகிப்போச்சுன்னுட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை கமலாவுக்கு போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் சேரவே இல்லை என்றாள். மார்க்கெட்டில்தான் இருந்தாள். பின்னால் சத்தம்.

“நான் வந்தா சேருவீங்களா கமலாக்கா?”

யாரோ வஞ்சிரம் விலை கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை.

“நீ எப்படி வருவ? கொள்ளி வெச்சவ.”

“இன்னிக்கே சேர்ந்துடுங்க. காலையில வந்துடறேன்.”

அத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“போவக் கூடாதுன்னு நான் சொல்லல. வெளக்கு? நானும் கெளம்பறேன். அண்ணன் எடம் தனியாக் கெடக்கணுமா? நீயே சொல்லு.”

வீட்டுக்குள் கேமரா வைத்துப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா அதையும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருப்பார்.

கஃபார் மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “நான் உக்கார்றேன்.”

“பாய், நீங்க எப்படி...” என்றாள் அத்தை.

“உக்கார்றதுக்கு என்னம்மா எப்படி? முட்டி இன்னும் மடங்குது.”

“அதுக்கில்ல. இது எங்க சாமி வெளக்கு.”

“நான் கும்புடப் போறதில்ல தையலு. அது எனக்கில்ல. தனியா உடாம இருக்கறேன், அவ்ளோதான். எண்ண ஊத்தறத கவி ஊத்திட்டுப் போவட்டும். அன்னிக்கு எனக்கு அவன் பதிலி. அவன் கொழந்தைக்கு நான் ஒரு நாளு நிக்கக் கூடாதா?”

அத்தை மூட்டையை இறுக்கினாள். அவிழ்த்தாள். மறுபடி இறுக்கினாள்.

“காத்தாடி போடாதீங்க. அணைஞ்சிடும்” என்றாள்.

“வேர்க்குமே.”

“வேர்க்கட்டும். எங்கண்ணனத் திட்டினதுக்கு.”

திங்கட்கிழமை பொழுது விடியும்போது மாமா வந்துவிட்டார். சுப்ஹு தொழுதுவிட்டு நேராக வந்திருந்தார். பதுருன்னிசா மாமி ஒரு தூக்கில் டீ கொடுத்து அனுப்பியிருந்தார். நான் எண்ணெய் ஊற்றினேன், திரியைத் தூண்டினேன். மாமா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். விளக்கைப் பார்க்கவில்லை. அப்பாவின் நாற்காலியைப் பார்த்தார். நான் வாசற்படி தாண்டினேன்.

ஆஸ்பத்திரியில் கமலா தள்ளுபடுக்கையில் இருந்தாள். பச்சை அங்கி. சாவு வீட்டில் பார்த்த உருவத்தில் பாதி. கையெழுத்து வாங்க வந்த நர்ஸ், நீங்கள் என்ன உறவு என்று என்னைக் கேட்டார்.

“அண்ணன் பொண்ணு” என்றாள் கமலா, எனக்கு முன்னே.

நர்ஸ் நகர்ந்ததும் என்னைப் பார்த்தாள். “அந்தாண்ட திரும்பு.”

“ம்?”

“திரும்புடீ.”

திரும்பி நின்றேன். எவர்சில்வர் டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஏதோ உள்ளே விழுந்தது. மூடியது. டப்பா என் முதுகில் இடித்தது. கையைப் பின்னால் நீட்டி வாங்கினேன்.

“பல்லு செட்டு” என்றாள். குரல் மாறியிருந்தது. சொற்கள் காற்றாக வந்தன. “எல்லாத்தையும் எடுக்கணும்னுட்டாங்க. கட்டினப்ப உங்கப்பாதான் கூட வந்தாரு. அவருக்கு மட்டுந்தான் தெரியும். மார்க்கெட்டுல ஒருத்திக்குத் தெரிஞ்சாலும் என் வாயி அன்னியோட முடிஞ்சுது.”

“சரிக்கா.”

“முழிப்பு வந்ததும் மொதல்ல இதக் குடுக்கணும். தண்ணி கேட்டாலும் இதுதான் மொதல்ல. அவருகிட்ட அதத்தான் சொல்லி வெச்சிருந்தேன்.”

“குடுக்கறேன்.”

“எங்கயும் போய்டாத.”

தள்ளுபடுக்கை உள்ளே போனது. கதவு மூடிய பிறகுதான் திரும்பினேன்.

தாழ்வாரத்தில் வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள். ஒருவரும் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. கடைசியில் ஒரு இடம் இருந்தது. உட்கார்ந்தேன். மாமாவிடமிருந்து போன் வந்தது. விளக்கு எரிகிறது, வேர்க்கிறது என்றார்.

டப்பாவை ஆட்டிப் பார்க்கத் தோன்றியது. ஆட்டவில்லை. மடியில் வைத்து மூடிமேல் கை வைத்துக்கொண்டேன். கமலாவுக்கு இன்னும் முழிப்பு வரவில்லை. அப்பா கொடுக்க வேண்டியதை நான் இன்னும் கொடுக்கவில்லை.