மூவாயிரத்து ஒன்று

3001. உடற்கல்வி ஆசிரியை இருதயசெல்வியிடம் இந்த எண்ணைச் சொன்னால் கழுத்திலிருந்த விசில் மேசைமேல் வந்து விழும்.

வயது நாற்பத்தொன்று. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கிளை வைத்திருக்கும் தனியார் பள்ளியில் பல வருடமாகத் தற்காலிக வேலை. கூட்டு உடற்பயிற்சியில் பள்ளி சாதனைச் சான்றிதழ் வாங்கினால் பணி நிரந்தரம் என்று தாளாளர் அப்பாதுரை வாக்குக் கொடுத்திருந்தார். செல்வியின் திட்டம் எளிது: மூவாயிரம் பிள்ளைகள், ஐம்பது வரிசை, வரிசைக்கு அறுபது பேர்.

மொய் எழுதினாலும் மரக்கன்று நட்டாலும் ஒன்று கூட்டியே செய்பவர் அப்பாதுரை. சாதனை அமைப்புக்கு அனுப்பிய விண்ணப்பத்திலும் ஒன்றைக் கூட்டிவிட்டார்.

“மொட்டையா மூவாயிரம்னு போடலாமா டீச்சர்? ஒண்ணு சேத்தாத்தான் வளரும்.”

“அந்த ஒரு புள்ளைய எங்க சார் நிறுத்துறது?”

“ஓரமா நிக்கட்டும்மா.”

“எல்லா வரிசையும் சமமா இருக்கணுமாம். ஓரமா ஒருத்தர் நின்னாலே சாதனை செல்லாதுன்னு விதியில போட்டுக்கினு இருக்காங்க சார்!”

எண்ணை இனி மாற்றவும் முடியாது, கெடு முடிந்துவிட்டது. செல்வி கணக்கு ஆசிரியை கலைப்பிரியாவைப் பிடித்தார்.

“அது பகா எண்க்கா. அம்பத்திமூணு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். எதுலயும் மீதியில்லாம போகல.”

“அம்பத்திமூணோட ஏன்டி நிறுத்துன? மேல போயேன்!”

“வேணாம்க்கா. அம்பத்தஞ்சை அம்பத்தஞ்சால பெருக்கினாலே மூவாயிரத்தைத் தாண்டிடும். பெரிய எண்ணால வகுபட்டா, அதுக்கு ஜோடியா ஒரு சின்ன எண்ணாலயும் வகுபட்டிருக்கணும். சின்னதெல்லாம் பாத்தாச்சு. இன்னும் ரெண்டு பேர் இருந்தா, முப்பத்தொம்பது வரிசை, வரிசைக்கு எழுபத்தேழு. அழகா நிக்கும்.”

“இல்லாத ரெண்ட வச்சு என்னை ஏன் பேஜாரு பண்ற? இருக்கிறது எதாலதான்டி வகுபடும்?”

“ஒண்ணால. அப்புறம் அதே மூவாயிரத்து ஒண்ணால.”

“அப்ப எல்லாரையும் ஒரே வரிசையா நிறுத்திடவா?” செல்வி கத்தினார்.

கலைப்பிரியா சிரிக்கவில்லை. “நிறுத்தலாம்க்கா. அது ஒண்ணுதான் வழி.”

செல்வி விதிமுறைகளை மறுபடி படித்தார். குறைந்தது இத்தனை வரிசை வேண்டும் என்று எங்கும் இல்லை. சாதனை அமைப்புக்குப் போன் போட்டார். ஒரே வரிசையானாலும், அது வளைந்தே போனாலும், ஆட்சேபம் இல்லை என்றார்கள்.

ஆளுக்கு ஒரு மீட்டர் என்றால் மூன்று கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கு ஏரிக்கரைதான் உண்டு. அங்கே இந்தக் கோடியில் ஊதும் விசில் அந்தக் கோடிக்குக் கேட்காது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்தால், கடைசிப் பிள்ளை கையைத் தூக்கும்போது முதல் பிள்ளை குனிந்திருக்கும்.

அப்பாதுரைக்குத் தலைகால் புரியவில்லை. “நான் சேத்த ஒண்ணு எவ்ளோ நீளமாக்கிடுச்சு பாத்தீங்களா டீச்சர்!”

செல்வி மைக் செட்காரருக்குப் போன் போட்டார்.

ஒத்திகை ஞாயிறு காலை ஆறு மணிக்கு. கரை முழுவதும் கட்டுவதற்கு வளவனூரிலிருந்து ஒலிபெருக்கிகள் வருகின்றன.