பின் சீட்டுக் குளிர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. யாரோ சொல்லிக் காதில் விழுந்ததில்லை. என் வண்டியில், என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. ராத்திரியும் இல்லை, அமாவாசையும் இல்லை. சித்திரை மாதம், பட்டப்பகல், மண்டையைப் பிளக்கிற வெயில். ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது இரண்டு பேர், “பாய் நல்லா ரீல் வுடறாரு” என்று சிரித்தார்கள். அவர்களோடு இன்றுவரை எனக்குப் பேச்சு கிடையாது. நீங்களும் சிரிக்கிற ஆள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

என் பெயர் கௌஸ் பாஷா. பாகூரில் சவாரி வண்டி ஓட்டுகிறேன். ஏழு பேர் உட்காருகிற வண்டி. டயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு. “என் மூஞ்சிய பாக்கறதைவிட அந்த டயரைத்தான் அதிகமா பாக்கறீங்க” என்று என் மனைவி சுரையா திட்டுவாள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் சூடாகாமல் இருக்கும்போதே காற்று பார்த்துவிடுவேன். வெயில் காலத்தில் ஓட ஓட உள்ளே காற்று விரியும். கல்லு மாதிரி அடித்து வைத்தால் ஒருநாள் வெடிக்கும். டயரில் இருக்கிற பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசை விட்டுத் தேய்மானம் பார்ப்பேன். அடியில் தொங்குகிற ஸ்டெப்னியையும் விடமாட்டேன். காலால் ஒரு உதை விட்டு ‘காத்து இருக்குது’ என்று சொல்கிற டிரைவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்குக் காலையில் ஐந்து டயரும் கச்சிதமாக இருந்தன. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அந்த வண்டியில் பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தனி ஏசி உண்டு. கூரையில் காற்று வருகிற மூடிகள் இருக்கும். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நடுவில் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ஆனால் முன்னால் என் கைப்பக்கம் இருக்கிற சுவிட்சைப் போட்டால்தான் பின்னால் காற்று வரும். போடாவிட்டால் அந்தத் திருகை எத்தனை முறை திருகினாலும் ஒன்றும் வராது. டீசல் மிச்சம் பிடிக்க ஸ்டாண்டில் எல்லோரும் பண்ணுகிற வேலைதான் இது. “தோ, இப்ப வந்துடும் சார்” என்று சொல்லிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

அன்று மதியத் தொழுகை முடித்து வெளியே வந்தேன். போன் அடித்தது. குருவிநத்தத்திலிருந்து இளவரசி. என் பழைய சவாரி.

“பாய், உடனே வா பாய். பக்கத்து வூட்டு வேலம்மா மவனுக்குக் கம்பெனியில அடிபட்டுடுச்சாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம்.”

சோறுகூடத் தின்னவில்லை. வண்டியை எடுத்தேன்.

வேலம்மாள் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார். களை எடுத்த வயலிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு. புருஷன் இல்லை. ஒரே பிள்ளை, தணிகைவேல். திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை. இதெல்லாம் இளவரசி கதவைத் திறந்தபடியே சொன்னதுதான். வேலம்மாள் காலைத் தூக்கி வைக்கத் தயங்கினார்.

“சேறா இருக்குது பாய். வண்டி பாழாயிடும்.”

“வண்டி கெடக்குது. நீ ஏறும்மா மொதல்ல.”

நடு சீட்டில் இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கூட வேறு யாரும் வரவில்லை. இளவரசிக்குக் கைக்குழந்தை.

“பின்னாடி ஏசி வேணாம் பாய். காதுக்குள்ள குத்தும்.”

சுவிட்சை அணைத்தேன். அதில் எரிகிற சின்னப் பச்சை விளக்கும் அணைந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

வழியெல்லாம் அந்த அம்மா ஒரே பேச்சைத்தான் பேசினார். “வெரசா போ பாய். அவன் கண்ணு தொறந்திருக்கறப்பவே போயிடணும். என்னைப் பாத்தான்னா பொழச்சிப்பான்.” கூட வேலை செய்கிற ஆதிமூலம் என்கிற பையன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“உசுரு இருக்குதாடா?”

“இருக்குதும்மா. டாக்டருங்க உள்ள இருக்காங்க. வாங்க நீங்க.”

எனக்கும் பிள்ளை இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

பாகூர் ஏரியைத் தொட்டோம். அப்போதுதான் அது ஆரம்பித்தது.

உஸ்ஸ்ஸ்ஸ்...

பின்னால் ஏசி காற்று வருகிற சத்தம். எனக்குப் பழக்கமான சத்தம். சுவிட்சைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. ஒருமுறை போட்டு, திரும்ப அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. வயர் ஏதோ உரசுகிறது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். வேலம்மாளின் நரைமுடி பறந்துகொண்டிருந்தது. அவர் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

“மேல திருகைத் தொட்டியாம்மா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டக்... டக்...

திருகு திரும்பியது. காற்று இன்னும் வேகமாக அடித்தது. அதன்பின் அவர் தலைக்கு மேலிருந்த மூடி மெல்லத் திரும்பியது. அவரை விட்டு விலகி, காலி சீட்டைப் பார்த்து நின்றது. நரைமுடி பறப்பது நின்றுபோனது.

என் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது.

வேலம்மாள் ஏதோ முணுமுணுத்தார். சத்தமே இல்லாத குரல். “சும்மாதான்டா... ஒரு ரவுண்டு...” என்றது மட்டும் கேட்டது. பாவம், பிள்ளை நினைப்பில் பிதற்றுகிறது என்று என் மனம் கனத்தது.

போன் அடித்தது. ஆதிமூலம். அந்த அம்மா எடுக்கவில்லை.

மறுபடி அடித்தது.

“எடும்மா. இன்னான்னு கேளு.”

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். ‘வெரசா போ’ என்று அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

டப்... டப்... டப்... டப்...

வண்டி இடது பக்கம் இழுத்தது. ஓரம் கட்டி இறங்கினேன். இடது பின் டயர் சப்பையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஆளை நம்பலாமா, டயரை நம்பலாமா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஒரு தாய் பிள்ளை முகத்தைப் பார்க்கத் துடிக்கிறாள், இங்கே எனக்கு டயர் மக்கர் பண்ணுகிறது.

ஜாக்கி போட்டேன். ஸ்டெப்னியை இறக்கி உருட்டி வந்தேன். சாலையில் ஈ, காக்கை இல்லை. இரண்டு பக்கமும் வயல். கானல் பறக்கிறது.

“தள்ளுங்க பாய். நான் முடுக்கறேன்.”

பக்கத்தில் ஒரு பையன் குந்தியிருந்தான். நீலச் சட்டை, கம்பெனி யூனிபாரம். எப்போது வந்தான்? பைக் சத்தம் இல்லை. செருப்புச் சத்தம்கூட இல்லை. அந்த வெயிலில் அவன் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்? உதவிக்கு ஆள் கிடைத்ததே போதும் என்று ஸ்பானரைக் கொடுத்தேன்.

நன்றாக வேலை செய்தான். நட்டுகளைக் கையால் ஏற்றிவிட்டு எதிரெதிராக முடுக்கினான். சிரித்த முகம்.

“சூப்பர் வண்டி பாய். பின்னாடி வரைக்கும் சில்லுனு காத்து வருது. எங்க அம்மாவுக்குத்தான் காதுல அடிச்சுது. மூடியைத் திருப்பி வுட்டுட்டேன்.”

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. என் அவசரம் எனக்கு.

“எங்க பாய் போறீங்க, இந்த வெயில்ல? யாருக்கு இன்னா?”

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி சவாரி என்றால் வழியில் யார் கேட்டாலும் விவரத்தைச் சொல்லிவிடுவோம். சொன்னால்தான் வழி விடுவார்கள், கை கொடுப்பார்கள். இப்படித்தான் வருஷக்கணக்காக ஓட்டுகிறேன். அன்றும் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன்.

“சீக்கிரம் முடுக்குப்பா! உள்ள இருக்கே அந்த அம்மா, அது புள்ள ஆஸ்பத்திரியில சாவக் கெடக்குது. திருபுவனையில கம்பெனியில அடிபட்டுட்டான். தணிகைவேலுன்னு பேரு.”

ஸ்பானர் நின்றது.

அவன் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. மெல்ல மெல்ல வற்றியது.

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எழுந்து நின்றான். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம்...

உள்ளே வேலம்மாள் கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டி வைத்திருந்தார். இறங்கவில்லை. உதடு மட்டும் துடித்தது.

அவன் மறுபடி குந்தினான். மிச்சம் இருந்த நட்டை முடுக்கினான். மெதுவாக. ரொம்ப மெதுவாக.

“மெதுவாவே போங்க பாய்.”

“இன்னாடா பேசற நீ?”

“இனிமே அவசரம் இல்ல.”

எனக்கு ரத்தம் கொதித்தது. திட்ட வாயெடுத்தேன். ஜாக்கி வழுக்குகிற மாதிரி இருந்தது. குனிந்து பிடித்தேன்.

நிமிர்ந்தேன்.

ஆள் இல்லை.

முன்னால் இல்லை... பின்னால் இல்லை... வயலில் இல்லை...

ஸ்பானர் தரையில் கிடந்தது. தொட்டேன். அந்த வெயிலில், ஐஸ்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். பின்னால் காற்று நின்றுபோயிருந்தது. சத்தமே இல்லை. ஒரே புழுக்கம்.

வேலம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அலறினார். அன்று அந்த அம்மா அழுதது அதுதான் முதல் தடவை. “போயிட்டியேடா... ஐயோ, போயிட்டியேடா...”

ஆஸ்பத்திரி வாசலில் ஆதிமூலம் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டான். நாங்கள் ஏரியைத் தொட்ட நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். அதைச் சொல்லத்தான் திரும்பத் திரும்பப் போன் அடித்திருக்கிறான். உடலைக் காட்டினார்கள். நானும் பார்த்தேன். நீலச் சட்டை. என் பக்கத்தில் குந்தி நட்டு முடுக்கிய அதே முகம். அந்த அம்மாவிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பஞ்சர் கடை விஜயராஜிடம் சப்பையான டயரைக் கொடுத்தேன். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சுற்றிச் சுற்றி முக்கினார். ஒரு குமிழி வரவில்லை. வால்விலும் ஓட்டை இல்லை. “டயரு புதுசு மாதிரி இருக்குது பாய். உன்னை யாராச்சும் வேணும்னே நிறுத்திட்டாங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காரியத்தன்று சுரையாவோடு குருவிநத்தம் போனேன். பந்தலில் கூட்டம் கலைந்ததும் வேலம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆள் பாதியாகியிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

“ஏரிகிட்டயே வந்து ஏறிட்டான் பாய்.”

அன்று அவர் பார்த்துக்கொண்டே வந்த காலி சீட்டு என் கண் முன்னால் வந்தது.

“பக்கத்துல ஒக்காந்துக்கினு ஒரே சிரிப்பு. ‘ஏசி கார்ல போறோம்மா’ன்றான். மேல இருக்கறதையெல்லாம் திருவித் திருவிப் பாக்கறான், சின்னப் புள்ளையாட்டம். ஆஸ்பத்திரியில கெடக்கறவன் இங்க எப்படி வருவான்? அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி.”

“அவனுக்கு...?”

“அவனுக்குத் தெரியல பாய்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“‘எங்கம்மா போறோம், யாருக்கு இன்னா’ன்னு கேட்டுக்கினே வந்தான். சும்மாதான்டா, கார்ல ஒரு ரவுண்டுன்னு சொல்லி வச்சேன். போனை எடுத்தா அவன் காதுலயும் வுழுமேன்னு எடுக்கல. ஆஸ்பத்திரிக்கே போவாம, உன்னைத் திருப்பச் சொல்லி, அப்படியே அவனை வூட்டுக்கு இட்டாந்துடலாம்னு பாத்தேன். தெரியாத வரைக்கும் எங்கூட இருப்பான் இல்ல? அதுக்குள்ள வண்டி நின்னுபோச்சி. உன்னைக் கேக்க எறங்கிட்டான்.”

நான் கத்தியது அத்தனையும் என் காதிலேயே கேட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் மேல ஒண்ணும் இல்ல பாய். உனக்கு இன்னா தெரியும்? ஆனா நீ சொன்னதும் திரும்பி என்னைப் பாத்தான் பாரு, கண்ணாடி வழியா... ‘ஏம்மா, நீயே சொல்லியிருக்கலாமே’ன்ற மாதிரி.”