மாமா மலையிலிருந்து இறங்கிய விதம்

ஒன்பது வயதில், என் சின்ன மாமா வெள்ளைக்காரன் நாட்டுச் சிறையில் கிடக்கிறார் என்று முழுதாக மூன்று வாரம் நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். என்னிடம் ஆதாரம் இருந்தது.

மாமாவுக்கு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. புது மெஷினைப் பழகிவர ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஓர் ஊருக்கு மூன்று மாதம் அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு கடிதமும் ஒரு படமும் வந்தன. படத்தில் மாமாவின் நெஞ்சில் 62 என்று பெரிதாக எழுதிய துணி. இரண்டு கால்களையும் நீளப் பலகைகளில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். இருபுறமும் கயிறு கட்டி, அதற்கு அப்பால் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். மாமா முகத்தில் சிரிப்பே இல்லை.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் மெல்லக் கேட்டேன். "நெஞ்சுல நம்பர் போட்டு போட்டோ எடுத்தா அது யாருப்பா?"

"கைதிதான். வேற யாரு?" பேப்பருக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது.

அம்மா கடிதத்தை உரக்க வாசித்ததும் சந்தேகம் முற்றிவிட்டது. அந்த ஊரில் பனிமலையிலிருந்து சறுக்கி இறங்குவதுதான் விளையாட்டாம். ரொட்டிக்கடைக்காரரின் தாத்தா பந்தயத்தில் ஜெயித்த மரப்பலகைகளைக் கடைச்சுவரில் சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறார்களாம். தபால்காரருக்குச் சறுக்கியே இரண்டு காலும் உடைந்ததாம், அதற்காகவே ஊரில் அவருக்குத் தனி மரியாதையாம். இந்தக் குளிரை அனுபவிக்கப் பணக்காரர்கள் கப்பலும் விமானமும் ஏறி வருகிறார்களாம். விருந்தாளிகளுக்கென்று வைத்த ஒரு பந்தயத்தில் மாமாவின் பெயரையும் யாரோ கொடுத்துவிட்டார்களாம், அந்த நம்பர்தான் அதுவாம். கைதி வேறு எப்படி எழுதுவான்?

கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட என் அண்ணனுக்கு எந்த மரியாதையும் கிடைக்கவில்லை, பிரம்படிதான் கிடைத்தது. எங்கள் ஊர்க் கொடிமலைக்குப் போனால் ரயிலில் ஏறுவோம், ரயிலிலேயே இறங்குவோம். மேலே ஏற்றிவிட்டு, காலில் பலகையைப் பூட்டி, இனி நீயே இறங்கிக்கொள் என்றால் அது தண்டனை இல்லாமல் வேறென்ன?

மாமாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டர்வொர்த்திலிருந்து பெண்வீட்டார் ஞாயிற்றுக்கிழமை கடல் தாண்டி ஃபெரியில் வருகிறார்கள். அம்மா இந்தப் படத்தைத்தான் காட்டப் போகிறாள். கைதிக்கு யார் பெண் கொடுப்பார்கள்? படத்தை எடுத்து என் பனியனுக்குள் செருகிக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. பிஸ்கட்டைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார். படம் கேட்டார். அம்மா அலமாரியையே கவிழ்த்தாள்.

"வெளிநாட்டுல இருக்காருன்றீங்க. ஒரு போட்டோகூடவா இல்ல?"

"இருந்துச்சுண்ணே, நேத்துகூடப் பார்த்தேன் லா."

கிராணி மனைவியைப் பார்த்தார். மனைவி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கிளம்பத் தயாராக.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்வையில் படம் வழுக்கிச் சட்டைக்கு அடியில் எட்டிப் பார்த்தது. "டேய், உன் வயித்துல மாமா தொங்குறாரு!" என்று அண்ணன் கத்தினான். எல்லோரும் பிடுங்க வந்தார்கள். நான் குடும்ப மானத்தைக் காக்கும் கடைசி முயற்சியாக, "எங்க மாமா ஒண்ணும் திருடலை! அவரை விட்டுடச் சொல்லுங்க!" என்று கதறினேன். பெண்ணின் அம்மா எழுந்தே விட்டார்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கடிதத்தை நீட்டினாள். கிராணி இரண்டு தடவை படித்தார். திருட்டுச் சந்தேகம் போயிற்று. அதைவிடப் பெரியது வந்தது.

"காலு ரெண்டும் நல்லா இருக்கா?"

"நல்லாத்தாண்ணே இருக்கும்."

"இருக்குமா? தபால்காரன் கதைய உங்க தம்பியே எழுதியிருக்காரே. மாப்பிள்ளை வரட்டும். நடந்து காட்டட்டும். அப்புறம் பேசுவோம்."

மாமா வந்து இறங்கிய மறுநாளே கிராணி ஃபெரி பிடித்து வந்துவிட்டார். கூடத்தில் மாமாவை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கவிட்டார். பாசாரில் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பவர்கள்கூட அப்படி உற்றுப் பார்த்ததில்லை. திருப்தியில்லை. வாசலுக்குத் தனியே அழைத்துப் போய், "மறைக்காம சொல்லுங்க தம்பி, எங்க விழுந்தீங்க?" என்றார்.

மாமா திரும்பி, அம்மா அருகில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அவர் காதில் ஏதோ சொன்னார். கிராணி முதல் தடவையாகச் சிரித்தார். உள்ளே வந்து, "நல்ல நாள் பாருங்க தங்கச்சி" என்றார்.

பனிமலைப் பந்தய வீரன் என்பதால்தான் பெண் கொடுத்தார்கள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பல வருஷம் கழித்து, அந்தக் காதுச் செய்தியை, மாமாவைக் கட்டிக்கொண்ட அத்தைதான் என்னிடம் சொன்னாள். மாமா உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கீழே எட்டிப் பார்த்தார். பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஏறிவந்த, கம்பியில் ஓடும் கேபிள் தொட்டிலிலேயே உட்கார்ந்து இறங்கிவிட்டார்.