எனக்குக் கிடைக்காத திட்டு

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் நானும் பக்கத்து ஆளும் தோலில் ஒட்டிய சதையைச் சீவுவோம். அவன் கத்தி தவறித் தோல் கிழிந்தால் மேஸ்திரி அவனிடம், "இன்னாடா, தோலா சல்லடையா?" என்று கத்துவார். சற்று நேரத்தில் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

என்னையும் ஒருமுறை திட்டினார். அன்று முழுக்க நான் சோற்றைத் தொடவில்லை. அதைக் கவனித்தவர், அதன்பின் நான் சீவும் தோல் கிழிந்தால், கிழிசல் மேலே தெரிய மடித்து என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் போவார். அந்தப் பரிவைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். என்னையும் மறுபடி ஒரு 'டா' போட்டுத் திட்டமாட்டாரா என்று வருஷக்கணக்கில் ஏங்கினேன்.

வேலை மாறி அவர் ராணிப்பேட்டைக்குக் கிளம்பிய நாளில், வேண்டுமென்றே ஒரு தோலைக் கிழித்தேன். பார்த்தார். கிழிசல் உள்ளே மறையும்படி மடித்து, நல்ல தோல்களோடு அடுக்கினார்.

"வர்றேம்பா" என்றார்.